இன்னும் இருக்கு

கண்புரையை உடைத்து உறிஞ்சும் மெஷினுக்கு எல்லாமே மேலே தொங்கும் மருந்துத் தண்ணி பாட்டில்தான். இது உறிஞ்ச உறிஞ்ச, அது கண்ணை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

அன்று தையல்காரர் மரியதாஸ், மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணோடு வந்து படுத்திருந்தார்.

"தம்பி, தண்ணி இருக்கா?" என்றது மெஷின்.

பாட்டில் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. தீர்ந்ததென்று சொன்னால் குப்பைக்கூடைதான்.

"இருக்குண்ணே, நீங்க பாட்டுக்கு இழுங்க" என்றது பாட்டில்.

மெஷின் நம்பி இழுத்தது. தண்ணீர் வரவில்லை. கண் அப்படியே உள்ளே அமுங்கி, மெல்லிய சவ்வு கிழிந்தது.

பாட்டில் எப்படியும் குப்பைக்கூடைக்குத்தான் போனது.

மறுநாள் பக்கத்து அறையில் நர்ஸ் மரியதாஸின் கண்கட்டைப் பிரித்துத் தட்டில் போட்ட சத்தம் மெஷினுக்குக் கேட்டது.

பிறகு மரியதாஸ் கேட்டார்: "கட்டை எப்பம்மா பிரிப்பீங்க?"