கேட்கக் கூசிய கேள்வி

கடற்கரை ஊர்களின் நர்சுகளுக்காக டாக்டர் பிளாரன்ஸ் எழுதிய அவசர சிகிச்சைக் கையேட்டைப் பெரிய டாக்டர் ரோச் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு வரியில் அவர் பேனா நின்றது.

"அடிவயிறு வலிக்குன்னு வார எல்லாப் பொண்ணுகிட்டயும் நாள் தள்ளியிருக்கான்னு கேக்கணுமா? குமரிப் பிள்ளைககிட்டயுமா? மாதா கோயில் வாசல்ல வச்சு நம்ம தோலை உரிச்சிருவாங்கம்மா."

"உரிக்கட்டும் சார். கரு கர்ப்பப்பைக்கு வெளிய வளர்ந்து வெடிச்சா, கல்யாணம் ஆச்சான்னு கேட்டுட்டா உயிர் போகுது? இதைக் கேக்கக் கூசுறவ, வெள்ளைக் கோட்டைக் கழட்டி வச்சிட்டு வலை பின்னப் போகட்டும்."

ரோச் சிரித்துக்கொண்டே அந்த வரியை அப்படியே விட்டார். பிளாரன்ஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் நர்ஸ் பேபி ஓடி வந்தாள். "டாக்டர், ஒரு காலேஜ் பிள்ளை வயித்து வலியில மயங்கி விழுந்துட்டுன்னு தூக்கிட்டு வந்திருக்காங்க."

பிளாரன்ஸ் முன்னே ஓடினாள். ரோச் வந்து சேர்ந்தபோது அவள் நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். படுத்திருந்த பெண் வெளுத்துப்போய்க் கண்மூடிக் கிடந்தாள்.

"அப்பெண்டிக்ஸ்தான் சார்."

"நாள் தள்ளியிருக்கான்னு கேட்டியாம்மா?"

"அது தேவையில்ல சார்."

"ஏன்?"

"இவ அப்படிப்பட்டவ இல்ல. என் தங்கச்சி சார்."

ரோச் குனிந்து, அந்தப் பெண்ணின் காதோடு அந்தக் கேள்வியைக் கேட்டார். கண்ணைத் திறக்காமலே அவள் முனகினாள்.

"ரெண்டு மாசம் டாக்டர். எங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

"பேபி, தியேட்டரை ரெடி பண்ணு, சீக்கிரம்!" என்று ரோச் கத்தினார்.

தன் கையைப் பிடித்திருப்பது யார் என்று தங்கைக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று, பிளாரன்ஸ் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.