மஞ்சள் விளக்கு

போன் அடித்ததும் ஓய்வுபெற்ற டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகன்தான்.

"அப்பா, கார்ல மறுபடியும் இன்ஜின் விளக்கு எரியுதுப்பா."

"விட்டுவிட்டு மின்னுதா, நின்னு எரியுதா?"

"நின்னுதான் எரியுது."

"அப்போ பதறாதே. மின்னினாதான் உடனே ஓரங்கட்டணும். பெட்ரோல் மூடியை இறுக்கிப் பாரு. அப்பவும் அணையலைன்னா மெக்கானிக்கிட்ட காட்டு."

அங்கிருந்து பேட்டரி, டயர் என்று பேச்சு நீண்டது. வாரமெல்லாம் பூட்டிக் கிடந்த வாய்க்கு அன்றுதான் விடுதலை.

பேப்பர் வாங்க வந்து கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், பேச்சு முடிந்ததும் குழம்பிப்போய்க் கேட்டார். "பையன் காரை வித்துட்டதா உங்க மருமக சொன்னாங்கன்னீங்களே?"

"ஆமா, போன வருஷமே வித்துட்டான். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கான்."

"அப்புறம் எதுக்கு இந்த நாடகம்?"

அவர் போனைத் துடைத்து மேஜைமேல் வைத்தார்.

"'எப்படி இருக்கீங்க'ன்னு கேட்டா, நான் 'இருக்கேன்'னு சொல்லிட்டு போனை வச்சிடுவேன். பாவம், அவனும் வேற எதைத்தான் கேட்பான்?"