கிழிந்த தாளின் மிச்சம்

எழுபத்தாறாம் ஆண்டில் சிவனேஸ்வரிக்கு மெல்போர்ன் பல்கலைக்கழகமொன்றில் வேலை. நூற்றைம்பது வருடப் பழைய சிட்னி வழக்குத் தாள்களில் எழுத்தர்கள், இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகளின் பேச்சைக் காதில் விழுந்தபடியே எழுதி வைத்திருந்தார்கள். அது இங்கிலாந்தின் எந்த மூலைக் கொச்சை என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். வாய்விட்டு வாசித்தால்தான் பிடிபடும் என்பதால் வீட்டிலும் பிரதிகளைச் சத்தமாக வாசிப்பாள்.

அன்று பின்னேரம் வாசித்தது, மனைவியைக் கொன்ற ஒரு யோர்க்‌ஷயர்க்காரனின் வாக்குமூலம். 'கதவைத் திறந்து உள்ளே போனேன்' என்பதோடு தாள் கிழிந்திருந்தது.

குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த கணவர் வரதராஜா, 'அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்' என்று அதே கொச்சை ஆங்கிலத்தில் தொடர்ந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாத மனிதர். கடையில் ஆங்கிலத்தில் பாண் கேட்கவே அவளைத்தான் முன்னால் விடுவார்.

"என்னப்பா சொன்னனீங்கள்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லையே."

அவள் அந்த வரியை மறுபடி வாசித்தாள். அவர் இம்முறை கிழிந்த இடத்துக்கு அப்பால் இன்னும் சில வரிகள் சொன்னார். தேத்தண்ணியை ஆற்றும் கை நிற்கவில்லை. அவள் பிரதியை மூடினாள்.

வரதராஜா கோப்பையை அவள் முன்னால் வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தார்.

"ஏன் நிப்பாட்டினனீர்? வாசியும். அவள் இன்னும் உயிரோடதானே நிக்கிறாள்."