டிக்கியில் இரண்டு கைத்தடம்

கார் கிளம்பவில்லை. பெட்ரோல் இருந்தது. பிளக்கில் பொறியும் வந்தது. மெக்கானிக் ஷாகுல் கடைசியில், சாவி திருப்பினால் எஞ்சினைச் சுழற்றிவிடும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி முகர்ந்து பார்த்தான்.

"இது கருகிப் பல வருசம் ஆயிருக்கும் சார். இத்தனை நாளும் வண்டிய எப்படி எடுத்தீங்க?"

"லீதியாள் தள்ளுவா," என்றார் தேவசகாயம். மனைவியை அடக்கம் செய்து நாற்பது நாள்கூட ஆகவில்லை.

வேறு மோட்டார் தேடி வருவதாகச் சொல்லி ஷாகுல் கிளம்பினான். ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தே பழகிய தேவசகாயம் முதல்முறையாகக் காரின் பின்னால் போய் நின்றார். டிக்கி மூடியில் இரண்டு உள்ளங்கை அளவுக்குப் பெயிண்ட் தேய்ந்து தகரம் தெரிந்தது. அதன்மேல் கைகளை வைத்தார். அவர் விரல்கள் அந்தத் தடங்களுக்கு வெளியே நீண்டன. மெல்லத் தள்ளினார். தெருவின் இறக்கத்தில் கார் உருண்டது. அவள் எப்போதும் பின்னாலிருந்து அவருக்குக் குரல் கொடுக்கும் தபால்பெட்டி வந்ததும், ஆளில்லாத முன்சீட்டைப் பார்த்துச் சொன்னார்:

"கிளட்ச விடு, லீதியா."