செம்பனின் கடைசிக் கச்சேரி

மண்ணுக்குள் ஐந்து வருஷம் வேர்ச்சாறு குடித்துக் கிடந்த சில்வண்டு செம்பனுக்கு, மரத்தில் வாழ இரண்டே வாரம். இன்று கடைசி நாள். இன்றைக்குள் ஜோடி அமைந்தாக வேண்டும். சிவப்புச் சிறகை விரித்து, தன் சத்தத்தில் தானே செவிடாகிவிடாமல் குல வழக்கப்படி காதை மூடிக்கொண்டு, மரம் அதிரப் பாடினான்.

பாட்டில் மயங்கி ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குச் சம்மதம்யா!"

அவன் பாடினான்.

"யோவ், சம்மதம்னு சொல்றேன்!"

இன்னும் உரக்கப் பாடினான்.

பாடிக் களைத்து அடுத்த கிளையில் சும்மா இருந்த கிழட்டு வண்டு, "என்கிட்டயா சொல்றே, புள்ள?" என்றது.

"காது கேட்குற யாரா இருந்தாலும் சரி" என்று அவள் அந்தக் கிளைக்குப் பறந்தாள்.

பொழுது சாயும்போது செம்பன் பாட்டை நிறுத்திக் காதைத் திறந்தான். பக்கத்தில் யாருமில்லை.

"சே, இந்த மரத்துப் பொண்ணுங்களுக்கு ரசனையே கிடையாது" என்று சலித்துக்கொண்டு, அடுத்த பாட்டை எடுத்தான்.