இடது ஓரத்துக்கு ஒரு பாஸ்

அமெரிக்காவின் ஹூஸ்டனில் கால்பந்து ஆட்டம் முடிந்ததும், வழக்கம்போல ஹோண்டுராஸிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"டிவியில பாத்தேன் செல்வின். மிட்ஃபீல்டுல நீ ராஜாதான்டா. ஆனா தம்பிக்கு மட்டும் ஏன் பந்தே தர மாட்டேங்குற? நஹூன் இடது ஓரத்துல கையத் தூக்கிக்கிட்டு தனியா நின்னானே!"

"கவனிக்கலம்மா."

"உன்ன நம்பி வந்த பிள்ளைடா. பாவம், எத்தனை ஆட்டமா கூப்பிடுறான்!"

"சரிம்மா, அடுத்த ஆட்டத்துல தர்றேன்."

சொன்ன வாக்குக்காக, அடுத்த ஆட்டத்தில் இடது ஓரத்துக்குப் பந்தைத் தட்டிவிட்டான்.

"அங்க யாருடா இருக்கா?" என்று பயிற்சியாளர் கத்தினார்.

யாருமில்லைதான். அண்ணனும் தம்பியுமாக அமெரிக்க எல்லை ஆற்றைத் தாண்டும்போது, தூக்கிய கையோடு நஹூனை ஆறு இழுத்துக்கொண்டு போனதைச் செல்வின் கண்ணால் பார்த்தவன். உடல் கிடைக்காததால் அம்மாதான் நம்பவில்லை.

உருண்டுபோன பந்து கோட்டருகே சட்டென்று நின்றது. பிறகு அவன் காலுக்கே திரும்பி வந்தது.

கொளுத்தும் வெயிலில் அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.