வாரத்துக்கு ஒரு சாண்

"நீங்கதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாரு அக்கா" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள் வரவேற்பு மேஜைப் பெண். "ஆம்பளைங்களுக்கு மாஸ்டர் இருக்காருன்னு சொன்னேன், காதுலயே வாங்கல. கதவைச் சாத்தாதீங்க. நான் இங்க உக்காந்து இருமிக்கிட்டே இருக்கேன்."

இப்படி அடம்பிடித்து வரும் ஆண்களை மசாஜ் செய்கிறவளுக்குத் தெரியும். மசாஜ் அறையில் வருடக்கணக்காக நின்ற கால்கள் அவளுடையவை. கதவைப் பாதி திறந்தே வைத்தாள்.

வந்தவர் பஸ் ஓட்டுநர். சீருடைச் சட்டையைக் கழற்றி, பள்ளிக்கூடப் பையன் மாதிரி மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே வெள்ளைத் துண்டு.

"இதுக்கு முன்னாடி மசாஜ் பண்ணியிருக்கீங்களா சார்?"

"இந்த மாதிரி இடத்துல இல்ல."

புதிதாக வருகிறவர்களிடம் சொல்வதை அவரிடமும் சொன்னாள். கழுத்தில் ஆரம்பித்துப் பாதம் வரை போவேன். அழுத்தம் கூடினால் சொல்லிவிடுங்கள். பேசலாம், தூங்கலாம், சும்மாவும் இருக்கலாம்.

"ஒரு கை எப்பவும் உங்க மேலதான் இருக்கும். ஏன்னா..."

"நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியணும்" என்றார், கட்டிலின் தலைமாட்டில் முகம் பதித்திருந்த வளையத்துக்குள்ளிருந்து.

எண்ணெய்ப் புட்டி அவள் கையில் அப்படியே நின்றது. அது அவளுடைய வாக்கியம். கூட வேலை செய்கிறவர்கள்கூட அதைச் சொல்வதில்லை.

வெளியே இருமல் கேட்டது.

பிடரியில் கை வைத்தாள்.

வைப்பதற்கு முன்பே அவர் மூச்சை விட்டார்.

தோளுக்குப் போனாள். அங்கேயும் அவருடைய மூச்சு அவள் கைக்கு முன்னால் போய்க் காத்திருந்தது. அடுத்து எங்கே, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் என்று அந்த முதுகுக்குத் தெரிந்திருந்தது. முதல் தடவை போகும் மணலில் தன் காலடித் தடமே முன்னால் கிடந்தாற்போல அவளுக்கு உள்ளே சில்லிட்டது.

சோதித்துப் பார்க்க நினைத்தாள்.

இடது தோள்பட்டை எலும்புக்கு அடியில் எல்லோரும் கட்டை விரலால்தான் அழுத்துவார்கள். அவளால் முடியாது. எப்போதோ பஸ் கதவில் நசுங்கிய விரல் அது. அதனால் சுட்டுவிரலை மடக்கி அதன் முட்டியால் அழுத்துவாள். இன்று வேண்டுமென்றே உள்ளங்கையால் தடவிவிட்டுக் கடந்தாள்.

முதுகு கடக்கவில்லை. அந்தத் தோள் லேசாக எழும்பி, தரவேண்டியதைக் கேட்பதுபோல நின்றது.

விரலை மடக்கி முட்டியை வைத்தாள். தோள் இறங்கியது.

இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

சனிக்கிழமைகளில் வந்துகொண்டிருந்த தையல்கார அம்மா. படுத்த நிமிடத்திலிருந்து வாய் ஓயாது. "எங்க வீட்டு ஆளோட முதுகுல துணி துவைக்கலாம், அம்புட்டு கெட்டி. இங்க வாங்கன்னா வரமாட்டாரு, வெக்கமாம். நீ எனக்குச் சொல்லிக் குடு, நான் பாத்துக்கறேன்." உங்க விரல் நல்லாத்தானே இருக்கு, கட்டை விரலாலேயே அழுத்துங்க என்று இவள் சொன்னாலும் கேட்கமாட்டாள். "நீ செய்யறது எப்படியோ அப்படியே" என்று விரலை மடக்கிக்கொள்வாள்.

மொத்தமாகச் சொல்லிக்கொடுத்தால் வாடிக்கை போய்விடுமே. அதனால் வாரத்துக்கு ஒரு சாண். ஒரு வாரம் கழுத்து, ஒரு வாரம் தோள். எண்சாண் உடம்பை இழுத்து இழுத்துக் காட்டினாள். மீதிக்குக் கெஞ்சும்போதெல்லாம், "அடுத்த வாரம் வாங்கக்கா, முதுகு எங்க ஓடிப் போகுது?" என்பாள். அப்படி இருந்தும் ஒருநாள் அந்த அம்மா வருவது நின்றுபோனது. "கத்துக்கிட்டு கம்பி நீட்டிட்டா பாத்தியா" என்று வரவேற்பு மேஜைப் பெண்ணிடம் அன்றைக்கே சொல்லிச் சிரித்தாயிற்று.

ஆக, இவர் அந்த அம்மாவுடைய வீட்டுக்காரர்.

பயம் போன இடத்தில் பழைய எரிச்சல் வந்து உட்கார்ந்தது. கை முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கீழே இறங்கிக்கொண்டிருக்க, வாயும் சும்மா இருக்கவில்லை.

"அக்காதான் வீட்டுலயே எல்லாம் செஞ்சு விடுவாங்களே சார். அப்புறம் எதுக்கு இங்க காசைக் கொட்டுறீங்க?"



இவ்வளவு நேரமும் முன்னால் போய்க்கொண்டிருந்த மூச்சு, அவள் கை இடுப்பை எட்டியதும் நின்றது. உடம்பு முழுக்க இறுகியது. இதற்கு மேல் எங்கே என்று அந்த முதுகுக்குத் தெரியவில்லை.

"போதும்மா" என்றார். "இங்கேயே நிறுத்திடுங்க."

"பாதி நேரம்கூட ஆகலையே சார். கால் இருக்கு, பாதம்..."

"வேண்டாம். இதுவரைக்கும்தான் அவளுக்குத் தெரியும். மீதி அடுத்த வாரம்னு சொல்லிக்கிட்டே இருந்தா..." வளையத்துக்குள் குரல் அமிழ்ந்து திரும்பி வந்தது. "ஆஸ்பத்திரியிலகூட. கடைசி நாள் வரைக்கும்."

வெளியே இருமல் கேட்டது. மறுபடியும் கேட்டது. பிறகு, "அக்கா?" என்று ஒரு குரல்.

அவருடைய இடுப்பில் இருந்த கையை அவள் எடுக்கவில்லை.

அந்தக் கைக்குக் கீழே, வெள்ளைத் துண்டுக்கு அடியில், பாதம் வரைக்கும் இன்னும் நாலு சாண் மீதி இருந்தது.